றுக்கியா ராத்தாவின் இரண்டு புள்ளடி

மூதூர்த் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதச் சொன்னால், யார் எத்தனை வாக்கால் வென்றார் என்று எழுத எனக்குக் கை வராது. எனக்குத் தெரிந்த வரலாறு, ஒரு மனுஷி வாக்குப் போட முடியாமற்போன வரலாறுதான். பெயர் றுக்கியா. ஊருக்கெல்லாம் ராத்தா, அதாவது அக்கா. நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

இலங்கையில் ஐம்பத்திரண்டாம் ஆண்டு வாக்குரிமைக்கு இருபத்தொரு வயது வேண்டும். ராத்தாவுக்குச் சில மாதம் குறைந்தது. ஐம்பத்தாறில் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை, வாசல் தாண்டக் கூடாது என்றுவிட்டார்கள். அறுபதில் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. ஆளுக்கு இரண்டு வாக்கு, அதாவது தாளில் இரண்டு புள்ளடி. இரண்டு பேருக்குப் பிரித்தும் போடலாம், இரண்டையும் ஒருவருக்கே போடலாம். ராத்தாவுக்கு இது அல்லாஹ் காட்டிய வழியாகப் பட்டது. ஏனென்றால் புருஷன் ஸைனுலாப்தீன் ஒரு கட்சி, அண்ணன் ஜெமீல் காக்கா மற்றக் கட்சி. பெருநாளுக்குக்கூட இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை.

"ஒண்டு உங்கட ஆளுக்கு, ஒண்டு காக்காட ஆளுக்கு. ஒருத்தருக்கும் மனக்குறை இல்ல" என்று புருஷனிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

ஆனால் ஸைனுலாப்தீனின் கட்சிக்கு இரண்டு புள்ளடியும் ஒரே ஆளுக்கு வேண்டும். அவர் மனைவியோடு சண்டை பிடிக்கவில்லை. "காலையில ஆம்புளக் கூட்டம். சமையல முடிச்சி, லுஹர் தொழுதிட்டுப் போங்க" என்றார். ராத்தா அப்படியே போனார். "உங்கட வாக்கு போட்டாச்சே" என்று திருப்பி அனுப்பினார்கள். அறுபதில் இரண்டு தேர்தல், அறுபத்தைந்தில் ஒன்று, மூன்றிலும் அதே பதில். வாக்குச்சாவடிக் கிளாக்கர்மாரின் கண் பிழை என்றுதான் ராத்தா நம்பினார்.

எழுபதில் அந்தக் கிளாக்கர் நான். திருகோணமலையிலிருந்து தேர்தல் கடமைக்கு லோஞ்சுப் படகில் வந்து இறங்கிய புது வாத்தியார். ஒரு முகமும் தெரியாது. காலை எட்டரை மணிக்கு முக்காடு போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். வழக்கப்படி இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தேன்: "ஸைனுலாப்தீன் மனைவி றுக்கியா." வாசிப்பதே, பக்கத்து வாங்கில் இருக்கும் கட்சி முகவர்கள் கேட்டு, ஆள் மாறாட்டம் என்றால் மறுப்பதற்காகத்தான். ஒருவரும் மறுக்கவில்லை. தாளைக் கொடுத்தேன்.

பகல் இரண்டு மணிக்கு உண்மையான றுக்கியா வந்தார். நான் வாயைத் திறக்கு முன்பே அவர் பார்வை என்னைத் தாண்டி முகவர் வாங்குக்குப் போனது. அங்கே நடுவில் ஸைனுலாப்தீன் இருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயிருந்து இஞ்சதானா இருந்த நீங்க?"

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார்.

"எண்ட பேர வாசிக்கக்குள்ளயும் இருந்தீங்களா?"

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் அதற்குப் படலையைத் திறந்துவிட்டிருக்கிறேன். சட்டப்படி வேறு நிறத் தாள் ஒன்றை நீட்டி, "இதில போடலாம் அம்மா. உறையில வைப்பம். ஆனா எண்ண மாட்டம்" என்றேன். "எண்ணாத வோட்டு என்னத்துக்கு, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாயிருந்தது.

இரண்டு வருடம் கழித்து மூதூர்ப் பள்ளிக்கே மாற்றலாகி, ராத்தாவின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். முன்கதை எல்லாம் அப்போது அவர் வாயால் கேட்டதுதான். எழுபத்துநாலில் ஸைனுலாப்தீன் மௌத்தானார். அவரும் இறந்தபின் இனித் தடை இல்லை என்று நானும் நினைத்தேன். இடையில் மூத்த மகளுக்குக் கலியாணம். ஊர் வழக்கப்படி பெரிய வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, ராத்தா பின்வளவுச் சமையல் குசினியோடு சேர்ந்த அறைக்குப் போனார். வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரனாக மருமகனின் பெயரை எழுதினார். குசினியிலும் ஒரு வாக்காளர் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. எழுபத்தேழில் வாக்காளர் இடாப்பில் ராத்தா இல்லை.

பிறகு கிராமசேவகர் வீட்டுக்கு நாலு தரம் நடந்து பெயரை ஏற்றுவித்தார். எண்பத்திரண்டு ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதற்கு யாரை ஏசுவது?

அந்த டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு. எழுபதில் நான் கிளாக்கராயிருந்த அதே பள்ளிக்கூடம், இப்போது சாவடிக்கு நான் பொறுப்பு. ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக ராத்தா நின்றார். பெயரை வாசித்தார்கள். "நான்தான்!" என்ற சத்தம் றோட்டுக்குக் கேட்டிருக்கும். தாளை வாங்கி மறைப்புக்குள் போனவர் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இதுல ஆக்களக் காணல்லயே. விளக்கும் குடமும்தான் கிடக்கு."

"ஓம் ராத்தா. இது ஆளைத் தெரிவுசெய்யிற வாக்கில்ல. பாராளுமன்றத் தேர்தல் வைக்காம ஆறு வருசம் இப்பிடியே இருக்கட்டும் எண்டா விளக்கு. தேர்தல் வேணுமெண்டா குடம்."

"எலக்சன் வேணுமா எண்டு என்னட்டயா கேக்கிறாங்க? அம்பத்தொரு வயசில முதல் தரமா வந்து நிக்கிற என்னட்ட?"

ஒரு நிமிடத்தில் தாளை மடித்துப் பெட்டியில் போட்டார். வெளியே போகும்போது என் மேசையருகே நின்று, முகம் மலரச் சொன்னார்: "ரெண்டு புள்ளடியும் குடத்துக்கே போட்டுட்டன், மாஸ்டர். இந்த முற ஒருத்தருக்கும் பங்கில்ல."

இரட்டை அங்கத்தவர் முறை ஒழிந்து ஐந்து வருடம். இப்போது ஆளுக்கு ஒரு புள்ளடிதான். இரண்டைக் கண்டால் செல்லாது என்று தள்ளிவிடவும் கூடும். ஆனால் ராத்தா வாழ்க்கையில் படித்த தேர்தல் சட்டம் அறுபதில் படித்தது ஒன்றுதான். விளக்கையும் குடத்தையும் விளங்கப்படுத்திய நான் ஒன்று மட்டும் போடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நினைவே வரவில்லை. பெட்டிக்குள் விழுந்த தாளை எடுக்க ஏலாது.

"இத எண்ணுவாங்கதானே?"

"எண்ணுவினம் ராத்தா" என்றேன்.

நாட்டில் விளக்கு வென்றது. அடுத்த நாள் மாலை ராத்தா வேலியடிக்கு வந்தார். றேடியோவில் கேட்டிருப்பார் போலும்.

"ரெண்டு போட்டும் பத்தாமப் போச்சே, மாஸ்டர்."

"ஓம் ராத்தா, பத்தாமத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.