முட்டுக் கொடுத்த மூங்கில்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவிரிக் கரையில் குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்தேன். ஆனியிலேயே குலை தள்ளிவிட்டது. ஆடிக் காற்று வருவதற்குள் மூங்கில் முட்டுக் கொடுக்காவிட்டால் எல்லா மரமும் சாய்ந்துவிடும். கையில் காசில்லை. கடன் சங்கத்தில் கேட்டால், “நிலம் உங்க பேர்ல இல்லையே” என்று அனுப்பிவிட்டார்கள்.

பெருமாளை வேண்டிக்கொண்டு, மனைவியின் தோட்டை மடியில் முடிந்துகொண்டு, காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மூங்கில் கடைக்குப் போனேன். கடைக்கார பாயிடம் விஷயத்தைச் சொல்லி, தோட்டை நீட்டினேன்.

“தோட்டை வச்சு வாழைக்கு முட்டுக் கொடுக்க முடியுமாங்க? வீட்டம்மா காதுலயே இருக்கட்டும்” என்று சிரித்தார். “மூங்கிலை ஏத்திட்டுப் போங்க. தார் வெட்டினதும் மூங்கிலையே திருப்பிக் கொண்டாங்க. ஒடிஞ்சதுக்கு மட்டும் காசு கொடுங்க.”

“என்னை உங்களுக்குத் தெரியாதே, பாய்?”

“வாழையை விட்டுட்டு எங்க ஓடிடப் போறீங்க?”

ஆடியில் காற்று பேயாக அடித்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். முட்டுகள் வளைந்திருந்தன, மரங்கள் நின்றன. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

முதல் தாரைக் கோயிலில் சேர்த்தேன். இரண்டாவதை, திருப்பிக் கொடுக்கிற மூங்கில்களோடு வண்டியில் ஏற்றி பாயிடம் கொண்டுபோனேன்.

“முதல் தார் பெருமாளுக்குப் போயிடுச்சா?” என்று கேட்டார்.

“போயிடுச்சுங்க.”

“அப்ப வாங்கிக்கலாம்” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்றும் சன்னதியில் கை கூப்பும்போது என்னை அறியாமல் அந்த பாய் பெயரையும் சொல்லிவிடுகிறேன். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.