ஐந்நூறு மரங்கள், ஆறு நாட்கள்

2024ஆம் ஆண்டு ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ரந்தாவ் பட்டணத்துக்கு அருகிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் நூலகத்தில் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் செய்திருந்த பிழை எனக்குத் தெரியவந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பதிவையும் கேட்கத் தொடங்கும் நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துவைப்பது என் வேலையின் ஒரு பகுதி.

நான் அப்போது தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கணிதத்துக்கும் எனக்கும் பள்ளியோடு உறவு முடிந்திருந்தது. ஆயினும் எங்கள் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் ஆய்வாளராக இருந்த ஓர் அம்மையாருக்கு, பிள்ளைகள் பேசுவதைப் பேசியபடியே எழுதித்தர ஒருவர் தேவைப்பட்டார். நான் அதிகம் பேசாதவள் என்பதே என்னைச் சேர்த்துக்கொள்ளப் போதுமான தகுதியாக அவருக்குப் பட்டது.

அவர் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே கேள்வியோடு வாழ்ந்துகொண்டிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளைகள், மலாய்மொழி வழியாகப் பயிலும் இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் ஏன் கணக்குத் தெரியாதவர்களாக ஆகிவிடுகிறார்கள்? சி ரூசா பக்கத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்தபோது அவருக்குள் எழுந்த கேள்வி அது. அதற்காகவே வேலையை விட்டு முனைவர் பட்டம் பெற்றார். அதற்காகவே லிங்கிச் சாலையில் இருக்கும் பள்ளிகளுக்கெல்லாம் தம் பழைய காரில் போய்வந்தார். கட்டுரைகள் வெளிவந்தன, மாநாடுகளில் கைதட்டினார்கள். ஆனால் எந்தப் பள்ளியும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முதன்முதலாக இந்தப் பள்ளிதான் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. மலாய்மொழியில் தேறாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்குமுன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பில் கணக்குத் தேர்வு நடக்கும். வினாத்தாள் மலாயில் இருக்கும். விடை தவறினால், வகுப்பாசிரியை அதே கேள்வியைத் தமிழில் சொல்லி, பிள்ளையின் விளக்கத்தைப் பதிவுசெய்வார். தமிழில் கேட்டதும் விடை சரியானால், குறை மொழியில் இருந்ததே தவிர கணக்கில் இல்லை என்று ஆகும். அப்படி நிறுவினால், வெறும் எழுத்துத்தேர்வை வைத்து இந்தப் பிள்ளைகளைக் கடைசிக் கணிதக் குழுவில் தள்ளும் வழக்கத்தைப் பள்ளி கைவிடும். நிறுவ முடியாவிட்டால் பிள்ளைகள் கடைசிக் குழுவுக்கே போவார்கள். முடிவெடுக்கும் கூட்டம் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு.

மூன்றாம் கேள்விதான் எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. ‘ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்நூறு ரப்பர் மரங்கள் வெட்டுகிறார். ஆறு நாட்களில் எத்தனை மரங்கள் வெட்டுவார்?’ பாலுக்காகப் பட்டையைக் கீறுவதைத்தான் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்பார்கள். ஏழு பிள்ளைகள் ஆயிரம் என்று எழுதியிருந்தார்கள். தமிழில் கேட்டபிறகும் ஆயிரம் என்றே சொன்னார்கள். நான் ஏழு பேருக்கும் ‘கணிதக் குறை’ என்று குறியிட்டிருந்தேன். பதிவுகளில் விடையை மட்டும் கேட்டுவிட்டு, விளக்கத்தைக் கேளாமல் தாண்டிப் போயிருந்தேன். ஒரு செய்யுளை அப்படிப் படித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

கூட்டத்துக்குமுன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்றுதான் அன்று முழுப் பதிவையும் ஓடவிட்டேன். முதலாவது, ஒரு சிறுமியின் பதிவு.

“ஆறு நாளைக்கு ஆயிரம் எப்படிம்மா வரும்?” என்று கேட்கிறார் வகுப்பாசிரியை.

“ஐந்நூறு இந்தக் காடு, ஐந்நூறு அந்தக் காடு, டீச்சர்.”

“மிச்ச நாலு நாளு?”

“திரும்ப அதே காடுதானே டீச்சர்! இன்னைக்கு வெட்டுன மரத்த நாளைக்கும் வெட்டுனா மரம் என்னாத்துக்கு ஆகும்? எங்கம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டும்.”

“சரி சரி, அடுத்த கணக்கப் பாரு.”

மற்ற ஆறு பதிவுகளையும் கேட்டேன். சொற்கள் வேறு, செய்தி ஒன்றுதான். ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரப்பகுதிதான் காடு; இரண்டு காடுகளை மாறிமாறி வெட்டுவதால் ஆறு நாளிலும் மரங்கள் ஆயிரம்தான். ஏழு பேரும் லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரே வேனில் வருபவர்கள். மூவாயிரம் என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றவர்களோ எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளும் ரந்தாவ் பட்டணத்துப் பிள்ளைகளும். ரப்பர் மரத்தை அறியாதவர்கள் தேறியிருந்தார்கள், அறிந்தவர்கள் தவறியிருந்தார்கள்.

ஆய்வாளர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்றேன்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஒக்காரு.”

“மூணாவது கேள்வியில தப்பு, டாக்டர்.”

“அது தெரிஞ்சதுதானே. ஏழு பேரு.”

“பிள்ளைங்க தப்பு இல்ல, டாக்டர். கேள்வி தப்பு. நான் போட்ட குறியும் தப்பு.”

பதிவை அவர் இருமுறை கேட்டார். சோறு அப்படியே இருந்தது. அந்தக் கேள்வியை எழுதியவர் அவரே. பாடநூலில் இருந்த வாசகத்தை நீக்கிவிட்டு, பிள்ளைகள் வாழ்க்கைக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று பால்மரத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

“எங்கப்பா தோட்டத்துல கிராணி, கணக்கெழுதுறவரு,” என்றார் மெதுவாக. “சாயங்காலம் ஆபீஸ்ல ஆளாளுக்கு நேரா ஐந்நூறு, ஐந்நூறுன்னு எழுதுவாரு. நான் பக்கத்துல ஒக்காந்து கூட்டிச் சொல்வேன். காட்டுக்குள்ள ஒருநாளும் போனதில்ல. விடமாட்டாங்க.”

பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினார்.

“கேள்வியையே தூக்கிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல,” என்றார். பிறகு, “தூக்கிட்டா அந்த ஏழு பேரும் கணக்குத் தெரியாதவங்களாவே போயிருவாங்க,” என்றார். பொட்டலத்தை மடித்துவிட்டு எழுந்தார். “நீயே படிச்சுக் காட்டு. என் கேள்விய நானே படிச்சா வக்காலத்து மாதிரி இருக்கும்.”

இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மேசையின் தலைப்பக்கம் முதல்வர், மலாய்க்கார அம்மையார். அவர் வலப்புறம் கணித ஆசிரியர் குழுவின் தலைவர், தமிழர். தாமும் புகுமுக வகுப்பில் படித்து வந்தவர் என்பதால், அந்த வகுப்புக்குச் சலுகை தேவையில்லை என்பதில் மற்றவர்களைவிட உறுதியாக இருந்தார். நான் எழுதிவைத்திருந்ததை மலாயில் படித்தேன். கேள்வியை எழுதியவர் காட்டுக்குள் போகாத கிராணியின் மகள் என்பதும் அதில் இருந்தது.

முடிந்ததும் குழுத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“பதினெட்டு வருசமா எங்க தப்பத் தேடிக்கிட்டே வந்தீங்க. கடைசியில நீங்களே பெயிலா, டாக்டர்?”

“பெயில்தான் சார். அந்த மார்க்க எடுத்துப் பிள்ளைங்களுக்குப் போடுங்க.”

“கிராணி வீட்டுக் கேள்வி பின்ன எப்படிலா இருக்கும்!” என்று சிரித்தவர், உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். “நான் ஒன்னு கேக்குறேன். பிள்ளைங்க அவசரத்துல ரெண்டால பெருக்கிட்டு, கேட்டதும் கதை விட்டிருந்தா?”

நியாயமான ஐயம்தான். பதிவுகளை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது.

“ஒருத்திய வரச்சொல்லுங்க,” என்றார் ஆய்வாளர். “நான் வாயத் தெறக்கமாட்டேன். நீங்களே கேளுங்க.”

பதிவில் பேசிய சிறுமியை அழைத்துவந்தார்கள். மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் இருந்ததைப் பார்த்து, தான் ஏதோ உடைத்துவிட்டோமோ என்று யோசிப்பவளைப் போலக் கதவோரம் நின்றாள்.

“பயப்படாத. உங்கம்மா ஆறு நாளைக்கு ஆயிரம் மரம் வெட்டுதுன்னு எழுதியிருக்க. சரி. அப்ப முப்பது நாளைக்கு?”

“அதே ஆயிரந்தான் சார்.”

“என்னம்மா இது! நாளு கூடுது, மரம் கூடலையா?”

“மரம் எப்படி சார் கூடும்? பால்தான் கூடும்.”

முதல்வர் என்னவென்று கேட்டார். குழுத்தலைவர் மொழிபெயர்த்தார்; பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

“சரி, ஆறு நாளுல மொத்தம் எத்தன தடவ மரத்துல கத்தி வைக்கும்?”

“மூவாயிரம்.” அவள் யோசிக்கவே இல்லை. பிறகு, கேட்டவர் ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறையோடு, “மழை பேஞ்சா கொறையும் சார்,” என்றாள்.

குழுத்தலைவர் தம் முன்னிருந்த அட்டவணையை எடுத்தார். நான் போட்டிருந்த குறியை முதல் வரியில் அடித்தார். அடுத்த வரியிலும் அடித்தார். ஏழாவது வரிவரை அப்படியே அடித்தார். தாளை முதல்வர் பக்கம் நகர்த்தி, “மேல் குழுவுக்குப் போகவேண்டியதுங்க,” என்று மலாயில் சொன்னார். முதல்வர் அதோடு நிறுத்தவில்லை. இனிமேல் புகுமுக வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அதன் மொழியில் விளக்கம் கேட்காமல் கணிதக் குழுவில் பிரிப்பதில்லை என்று அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பள்ளி. நான்கு வரிகள், ஒரு கையொப்பம். பெரிய அரங்குகளில் அவர் நின்ற படங்களை அவருடைய அறைச் சுவரில் பார்த்திருக்கிறேன். எதிலும் அன்றைய முகம் இல்லை. காரில் ஏறியதும், வெளியேற வழி தெளிவாகவே இருந்தபோதும், ஹாரனை இருமுறை நீளமாக அடித்தார். காவலாளி ஓடிவந்து சலாம் வைத்தார். ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் நானும், என் இயல்புக்கு மாறாக, வாய்விட்டுச் சிரித்தேன்.

சாலைக்கு வந்தபிறகு அவர் வேகத்தைக் குறைத்தார்.

“நாலாவது கேள்வியும் நான்தாம்மா எழுதுனேன்,” என்றார். “செம்பனக் கேள்வி.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரந்தாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். முந்தைய மாலையே தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். ஆய்வாளர் காரைச் செம்மண் பாதையின் மேட்டில் நிறுத்திவிட்டு, தாம் வந்தால் கேள்விக்காரி என்று தெரிந்து மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள் என்று சொல்லி, என்னை மட்டும் அனுப்பினார். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் தம் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, நான் நீட்டிய தாளை வாங்கினார். ஒருவர் மரத்துக்கு மூன்று குலை வீதம் நாற்பது மரங்களில் வெட்டினால் மொத்தம் எத்தனை குலை என்பது கேள்வி. உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி படித்தார்.

“மரத்துக்கு மூணா? ஒரே நாளுலயா?” என்றார். “ஒன்னு பழுத்துக் கெடச்சாலே பெரிசு. பல மரத்துல அதுவும் இருக்காது. மூணு வெட்டுனா ரெண்டு பச்சையாத்தான் இருக்கும். மில்லுல திருப்பி அனுப்பிருவான்லா. யாரும்மா இத எழுதுனது?”

“நாங்கதான், அண்ணே. சரியான கேள்விய நீங்களே எழுதிக் குடுங்க,” என்றேன். தாளை அவர் கையிலேயே திருப்பி வெற்றுப் பக்கத்தைக் காட்டி, என் பேனாவைக் கொடுத்தேன்.