தண்ணீர் படக்கூடாத நிலவறை

துப்புரவு வேலையில் கை வேலை செய்தால் போதும், வாய்க்கு வேலையில்லை என்றுதான் நானும் உங்களைப்போல நம்பி வந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு, கூச்சமோ மலையளவு. மகளை டேகெயாரில் விட்டுவிட்டு ரொறன்ரோவில் மியூசியமாக்கி வைத்திருக்கிற ஒரு பழைய மாளிகைக்கு வேலைக்குப் போனேன். அதன் அடியில், ஐரோப்பாவின் அந்தக்காலக் கோட்டைகளில் இருப்பதுபோல, செங்கல்லால் வளைவாகக் கட்டிய நிலவறை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார்கள்.

முதல் வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு வீடு கழுவுகிற நாளல்லவா? இரண்டு வாளி தண்ணீரை ஊற்றித் தரையைத் தேய்த்தேன். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அழுக்கென்று நினைத்து அதையும் தேய்த்தேன்.

இறங்கி வந்த மனேச்சர் லிண்டா தலையில் கைவைத்தா. பழைய செங்கல் தண்ணீரை உறிஞ்சினால் உப்புக் கக்கித் தூளாகிவிடுமாம். இனிமேல் மெல்லிய தூரிகை மட்டும்தானாம். நான் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அவ சத்தம் போடவில்லை. "உன்னை வைத்திருப்பது இதைப் புதிதாக்க இல்லை, பழையதாகவே வைத்திருக்க."

தனி வாசல்

ஒரு ஞாயிறு எங்கட ஆட்கள் இரண்டுபேர், புருசனும் மனுசியும், பார்க்க வந்தார்கள். அங்கிள் கூரை உயரத்தைப் பார்த்தார், ஈரம் இருக்கா என்று மூலையை மணந்து பார்த்தார். வீடுகளுக்கு அடியில், பேஸ்மென்டில் இருந்து பழகின நமக்கு அந்தப் பார்வை விளங்கும்தானே? நான் டோர்செட் பார்க் பகுதியில் இருப்பதும் பேஸ்மென்டில்தான்.

"பிள்ளை, இதுக்கு வெளியால தனி வாசல் இருக்கோ?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்ரி அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. "இஞ்சரப்பா, மியூசியத்துக்கு வந்தும் உங்களுக்கு வாடகைக்கு விடுற நினைப்புத்தானோ?"

ஒரு மூலைத் தூள்

மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருந்தது. ஒரு மூலையில் மட்டும் உப்பும் செங்கல் தூளும் கைப்பிடியளவு விழுந்து கிடந்தது. அடுத்த நாள் இன்னும் கூடுதலாகக் கிடந்தது. சொன்னால், இவள் திரும்பவும் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று வேலையை நிற்பாட்டிவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் விட்டால் சுவர் போய்விடும்.

மேல்மாடி துப்புரவாக்கும் செல்வியக்காவிடம், எனக்காகச் சொல்லிவிடுங்கோ என்று கெஞ்சினேன். அவ அசையவில்லை. "தினமும் பாக்கிறவள் நீ, நான் போய் என்னத்தைச் சொல்ல? போய் வாயைத் திறவடி."

மூன்று சொல்

கூட்டி எடுத்துவைத்த இரண்டு நாள் தூளையும் மகளின் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களில் போட்டுக்கொண்டுபோய் லிண்டாவின் மேசையில் வைத்தேன். ஒன்று கொஞ்சம், மற்றது நிறைய. "வாட்டர். நொட் மீ" என்றேன். அதற்குமேல் இங்கிலிஸ் வரவில்லை.

அவ டப்பாக்களைப் பார்த்துவிட்டு உடனே கீழே ஓடினா. சுவர் ஈரம். பின்னால் ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே அடைத்தார்கள். பார்க்க வந்த கொத்தனார், இந்தக் குளிருக்கு அந்த ஈரம் உறைந்திருந்தால் வளைவே வெடித்திருக்கும் என்றார். லிண்டா டப்பாக்களைக் கழுவி என் கையில் தந்தா. "நீ நிரந்தரம். இனி ஒவ்வொரு திங்களும் சுவர் எப்படி இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும்."

ஆகையால் தும்புத்தடி பிடிக்கிற என் சகோதரிகளே, கூட்டி அள்ளினதைக் கொட்டமுதல் ஒருக்கால் உற்றுப் பாருங்கோ, எனக்கு வேலை கிடைத்தது குப்பைக்குள்ளேதான்.