வாடகைப் பெயர்

பூந்தமல்லி முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்குள் கேமராவோடு நுழைய ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் நசீம் பானு. கணவர் ஹபிபுல்லா இறந்தபின் அவருடைய ஸ்டூடியோவையும் ஜெர்மன் ‘ஆல்ட்மன்’ கேமராவையும் கையில் எடுத்துக்கொண்டவர். கடைப் பலகையில் ‘ஆல்ட்மன் கேமராவில் எடுக்கப்படும்’ என்று தன் பெயரைவிடப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அந்தக் கேமராவை யாராவது குறை சொன்னால் புருஷனையே திட்டிவிட்டதுபோல் சண்டைக்கு வருவார்.

தொண்ணூற்று இரண்டில் அது மொத்தமாகப் படுத்துவிட்டது. துபாயில் இருந்த தம்பி உஸ்மான் கனி அதே பெயரில் புதிதாக ஒன்று அனுப்பினான். எடை குறைவு, பளபளப்பு அதிகம். கேமரா பழுது பார்க்கும் பாஸ்கரன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாக்கா, இதப் போய் ஜெர்மனின்றே? அந்தக் கம்பெனிய எப்பவோ இழுத்து மூடிட்டாங்க. பேர மட்டும் வேற நாட்டுக்காரனுக்கு வாடகைக்கு உட்டுகினு கீறாங்க. உள்ள பூரா பிளாஸ்டிக்கு.”

“வாயக் கழுவு. ஆல்ட்மன்னா ஆல்ட்மன்தான்.”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிடிவாதத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அதற்கான பலன் சீக்கிரமே கிடைத்தது.

வஹீதுன்னிசா வீட்டுக் கல்யாணம். அந்த அம்மாள் ஆயுசில் படத்துக்கு உட்கார்ந்ததே இல்லை, மார்க்கத்துக்கு ஆகாது என்பார். மகளோ மறுநாள் கணவனோடு சவுதிக்குப் போகிறாள். அம்மா முகம் ஒரு படத்திலாவது தன்னோடு வரவேண்டும் என்று மாதக்கணக்கில் அழுதிருந்தாள். கடைசியில் அம்மா இறங்கிவந்தார்.

“ஒரே ஒரு தடவ. அதுவும் பானு எடுத்தாதான்.”

பட்டுப்புடவையில் மகள் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். பானு அமுக்கினார். விட்டால் போதும் என்று அம்மாள் எழுந்து போய்விட்டார்.

பானு மேற்கொண்டு எடுத்துக்கொண்டே போனார். முப்பத்தாறு படச் சுருள். எண் நாற்பதைத் தாண்டியும் லீவர் தடையில்லாமல் நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தார். லீவரைத் தள்ளும்போது கூடவே சுற்றவேண்டிய குமிழ் அசையவே இல்லை. பழைய கேமரா சுருளைக் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும், பார்க்கவே வேண்டாம். அந்த நம்பிக்கையில் இதையும் அவர் பார்க்கவில்லை.

சுருள் நடுவில் அறுந்திருந்தால் அம்மாவின் படம் உள்ளே இருக்கும். வெளிச்சத்தில் திறந்தால் அழிந்துவிடும். முதலிலேயே நழுவியிருந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஸ்டூடியோ இருட்டறைக்கு ஓட நேரமில்லை, பெண்ணை அழைத்துப்போக வாசலில் வேன் வந்துவிட்டது.

ஆணிகளில் விருந்தாளிகளின் கறுப்பு புர்காக்கள் தொங்கின. பானு அவற்றை அள்ளிவந்து கேமராமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, அடியில் கைகளை நுழைத்தார்.

“எங்க புர்காவ இன்னாமா பண்றே?” என்று ஒருத்தி கத்தினாள்.

“யாரும் துணியத் தூக்காதீங்க!”

விரல்களால் மூடியைத் திறந்து தடவினார். சுருளின் நுனி பற்சக்கரத்தின் பல்லில் மாட்டாமல் சும்மா கிடந்தது. மீதியெல்லாம் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. ஒரு படம்கூட விழவில்லை.

நுனியை மாட்டி மூடினார். குமிழ் சுற்றுகிறதா என்று இந்த முறை பார்த்துக்கொண்டார். பிறகு அடுப்படிக்குப் போனார். வஹீதுன்னிசா பட்டைக் களைந்துவிட்டு, பழைய சேலையில் தாளிச்சாக் குழம்பு அள்ளிக்கொண்டிருந்தார்.

“மாமி, ஒண்ணுமே விழல. தப்பு என்னுது. இன்னொரு தடவ உக்காரணும்.”

“ஜெர்மன் கேமரான்னியே?”

“பேரு மட்டும்தான் மாமி. வாடகைப் பேரு.”

மாமி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வேன் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

“அந்த டப்பா பேரக் கேட்டா நான் சரின்னேன்? கூப்புடு அவள.”

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பட்டும் இல்லை, விறைப்பும் இல்லை. பானு அமுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு லீவரைத் தள்ளினார்.

குமிழ் சுற்றியது. பானு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.