வீட்டுக் கம்ப்யூட்டரின் அட்மின்

'இந்த மாற்றத்தை அனுமதிக்கலாமா?' என்று திரையில் ஒரு கட்டம் முழுசாக எழும்பி நிற்பதற்குள் மெக்கானிக் 'ஆம்' என்று அழுத்திவிடுவார். என்ன மாற்றம், எதற்கு என்றெல்லாம் படிக்கிற வழக்கமே கிடையாது. "நம்ம வீட்டு கம்ப்யூட்டர் நம்மளையே என்ன கேள்வி கேக்கறது?" என்பார்.

ஆடைத் தொழிற்சாலையில் நூற்றிருபது தையல் மிஷின்கள் அவர் பொறுப்பு. ஒன்றைப் பிரித்து மாட்டினால் எப்படியும் ஒரு திருகு மிஞ்சும். மிஷினோ முன்பைவிட நன்றாக ஓடும். மனுஷனுக்கு அப்படி ஒரு கைராசி! "ஓடுதில்ல? அப்ப இது வேண்டாத சாமான்" என்று திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டிலும் இதே வித்தைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் கையுமாக உட்கார்ந்தால், முதலில் திரையைத் துடைப்பார்; பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துப் போடுவார்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. "தினப்படி வேலைக்குச் சாதாரண அக்கவுண்ட் ஒண்ணு வச்சுக்கோங்கப்பா. எப்பவும் எல்லா அதிகாரமும் உள்ள அட்மினாவே இருந்தா, கை தவறும்போது தடுக்க ஆளே இருக்காது" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். "சொந்த வீட்ல என்னை வாடகைக்கு இருக்கச் சொல்றியா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

அதே கம்ப்யூட்டரில்தான் அவர் மனைவி ஐந்து மாதமாக ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முதன்முதலாக அட்டையில் தன் பெயர் வரப்போகிற புத்தகம். திங்கட்கிழமை பதிப்பகத்துக்குப் போக வேண்டும். "என்னங்க, இது ஒரேயடியா இழுக்குது" என்று சனிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா இவருக்கு?

மறுநாள் துடைக்க உட்கார்ந்தபோது ஒரு பெரிய ஃபோல்டர் கண்ணில் பட்டது. அழிக்கப் போனால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "எனக்கேவா?" அரைமணி நேரம் மல்லுக்கட்டி, அதன் முழு உரிமையையும் தன் பெயருக்கு மாற்றி, அழித்தே விட்டார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். கறுப்புத் திரை. இன்னொரு தடவை போட்டார். அதே கறுப்பு.

சமையலறை வாசலில் போய் நின்றார். "உன் வேகத்துக்கு ஓடட்டும்னுதான் சுத்தம் பண்ணேன். நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். மனைவி அடுப்பை அணைத்தார். "கடைசி ஆறு அத்தியாயமும் அதுலதாங்க இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கலையே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். அன்று மதியம் மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் இணைத்தாள். பெரியவர்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இருக்கும்மா. அப்பா அழிச்சது கம்ப்யூட்டர் ஓடறதுக்கான ஃபோல்டரைத்தான். ஆறும் அப்படியே இருக்கு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் ஆறு அத்தியாயத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, இருவருக்கும் ஆளுக்கொரு சாதாரண அக்கவுண்ட் திறந்து கொடுத்தாள். "அட்மின் பாஸ்வேர்டை யார் போடறீங்க?" என்று அப்பாவைத்தான் பார்த்தாள்.

அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். மனைவியை அதில் உட்காரவைத்து, கீபோர்டை முன்னால் தள்ளினார்.

"நீங்களும் பாருங்க, பரவாயில்ல" என்றார் மனைவி.

மெக்கானிக் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.