முறிந்த கிளை

காலை 7.12. கிள்ளான் ரயிலில் என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைப்பேசியில் ஒரு மரப்பொந்து தெரிந்தது. தொழிற்சாலைச் சீருடையில் இருந்தவர், நகத்தைக் கடித்தபடி அந்தக் காணொளியையே திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"இருவாச்சிப் பறவ, அண்ணே. பொம்பள முட்டையோட உள்ள அடைஞ்சிருக்கு. ஆம்பளதான் தீனி கொண்டாரணும். ஆராய்ச்சிக்காரங்க வீடியோவ துண்டு துண்டா ஆளுக்கொண்ணு அனுப்புவாங்க, நாங்க பார்த்துக் குறிக்கணும். என் துண்டுல அவன் வரவே இல்ல."

"அடுத்ததுல வருவான்."

"அது யாருக்குப் போச்சோ! நீங்களும் சேருங்க லா. பொந்துக்குப் பக்கத்துல இருக்கிற இந்த முறிஞ்ச கிளைதான் அடையாளம்."

சுபாங்கில் இறங்கினார்.

அன்றே சேர்ந்தேன். ஒன்பதாம் நாள் அந்த முறிந்த கிளை எனக்கு வந்தது. ஆண் பறவை பொந்துக்குள் பழம் ஊட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய பெயரையோ எண்ணையோ நான் கேட்டு வைத்திருக்கவில்லை.