சத்தம் மட்டும் வெளியே வரக்கூடாது

போன வாரம் என் மகளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். ரோட்டில் ஒரு போர்டை விடமாட்டாள். சிக்னலில் நின்றபோது ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள்: “மனமகிழ் மன்றம். குளிர்சாதன வசதி உண்டு.” பிறகு என் முதுகைத் தட்டி, “ஏம்மா, உள்ள போனா மனசு சந்தோசமாயிருமா?” என்றாள். பக்கத்து பைக்கில் இருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பச்சை விழுந்ததும் அந்த போர்டைப் பார்க்காமல் வண்டியை விரட்டினேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கம் மனமகிழ் மன்றம் என்றால் மெம்பர்கள் சீட்டாடிக்கொண்டே குடிக்கிற இடம். அந்தப் பெயரை வைத்தவர் நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். இது ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு காலத்தில் எனக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சேவூரிலிருந்து பஸ்ஸில் திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் போடுவதும், சாம்பிள் ஏன் இன்னும் ஆகவில்லை என்று தையல் ஹாலில் போய்க் கத்துவதும்தான் வேலை. கத்தினால்தான் கேட்கும். அத்தனை மிஷின்களும் ஒன்றாக ஓடுகிற இடத்தில் பத்து நிமிடம் நின்றால் வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் கத்தித்தான் பேசுவேன். “நானென்ன செவுடா கண்ணு?” என்பார்.

அது கரண்ட் போகிற காலம். சொல்லிவிட்டுப் போகும், சொல்லாமலும் போகும். கரண்ட் நின்றதும் ஹால் முழுவதும் ஒரே மூச்சில் அடங்கும். ஜெனரேட்டர் போடுகிறவர் டீக்கடையிலிருந்து ஓடிவந்து சேரும்வரை ஓர் இடைவெளி. அப்படி ஒருநாள் மிஷின்கள் நின்றபோது ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. செக்கிங் டேபிள் பக்கமிருந்து, நல்ல உச்சத்தில், ஒரு வரியின் பாதி. அடுத்த கணம் அதுவும் சட்டென்று அறுந்தது. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபா முகத்தை மேசைக்கடியில் ஒளித்துக்கொள்ளப் பார்த்தாள்.

தெற்கே சாத்தான்குளம் பக்கத்துப் பெண். ஊரில் சர்ச் கொயரில் பாடியவள். அப்பா இல்லை, அண்ணன் தேவராஜ் இங்கே வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அவர்தான் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்தார்.

“மிஷின் ஓடும்போது எவ்வளவு சத்தமாப் பாடுனாலும் ஒருத்தருக்கும் கேக்காதுலாக்கா. அதான் பாடுதேன்” என்றாள் என்னிடம். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாடியிருக்கிறாள்! நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவருக்கும் தெரியாமல். அன்றிலிருந்து கரண்ட் போகவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆபீஸ் ஸ்டாஃப் நான்தான்.

பழகிய பிறகு ஒருநாள் டீ டைமில் சொன்னாள்: “ஒரே ஒரு தடவ மைக்ல பாடணும்க்கா. கரண்ட் போனப்ப திருட்டுத்தனமா இல்ல. கேக்கதுக்குன்னே ஆளுவ வந்து உக்காந்திருக்கணும்.”

அதற்காகத்தான் நாங்கள் ஒரு பாட்டுக் கிளப் ஆரம்பித்தோம். இசை வளர்க்க என்றெல்லாம் அளந்தோம், எல்லாம் வெளிப்பேச்சு. என் சங்கீதம் எட்டாம் வகுப்பில் அப்பா பருத்தி போட்ட காசில் வாங்கித் தந்த கீபோர்டு. நான் வாசித்தால் எங்கள் வீட்டு நாய் எழுந்து வெளியே போகும். தாளத்துக்கு பிகாஷ். ஒடிசாக்காரன், அயர்ன் டேபிளில் நிற்பவன், டோலக் வைத்திருந்தான். இடம் கொடுத்தவர் பழனிச்சாமி அண்ணன். சொந்தமாகச் சின்ன யூனிட் நடத்தி, ஆர்டர் நின்றதும் மூடிவிட்டவர். அவருடைய துணி குடோன் சும்மா கிடந்தது. வாடகையை அவராகவே குறைத்துக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன்.

“சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாதுங் கண்ணு. பக்கத்து ஊட்டுல பரிச்சைக்குப் படிக்கற புள்ளை இருக்குது.”

ஸ்டுடியோக்களில் சுவரில் ஒட்டுகிற பஞ்சுப் பலகையின் விலையை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தோம். திருப்பூர்க்காரருக்கு அதற்கு மேல் யோசனை சொல்லித்தர வேண்டுமா? கட்டிங் வேஸ்ட்! துணி வெட்டும்போது கழிகிற துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, தரையிலிருந்து கூரைவரை நாலு சுவரிலும் அடுக்கினோம். ஜன்னலையும் விடவில்லை. அந்த சீசனில் குழந்தைகள் ஆர்டர் போலிருக்கிறது, மூட்டைகளின் கிழிசலில் ரோஸும் ஆகாய நீலமும் பிதுங்கிக்கொண்டு நின்றன. புதுத் துணியின் அந்த வாசனை, சாயமும் மிஷின் எண்ணெயும் கலந்தது, இன்றைக்கும் வேஸ்ட் ஏற்றிய டெம்போ என்னைக் கடந்து போனால் எனக்குப் பாட்டு வாசனையாகத்தான் இருக்கிறது. துணி ரோல் சுற்றி வருகிற அட்டைக் குழாயை பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நிறுத்தி மைக் ஸ்டாண்டும் செய்தோம். ஆம்ப்ளிஃபயர், மைக்செட் கடையில் கழித்துப் போட்டது. தட்டினால் பாடும்.

பிகாஷை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி டோலக்கை அடி அடி என்று அடிக்கச் சொன்னோம். ரோட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒன்றுமில்லை. கொசு சத்தம்கூட இல்லை. வியர்த்து வழிய வெளியே வந்தவன், “அக்கா, கேக்குதா?” என்றான். “இல்லடா!” என்று நாங்கள் குதித்த குதியில் அவன் மிரண்டுபோனான். பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

அடுத்தது பெயர். ‘கிளப்’ என்றே எழுதிவிடலாம் என்றேன். பழனிச்சாமி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “கிளப்புன்னா சீட்டாடற எடம்னு நெனச்சுக்குவாங்க.” அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சிக்கோ கிளப்பு என்றால் இட்லி கிடைக்கிற கடை. இந்த வம்பே வேண்டாம், சுத்தமான தமிழில் வைக்கிறேன் என்று நான் கிளம்பினேன். மனம், மகிழ்ச்சி, மன்றம் என்று மோனை வேறு தானாக வந்து விழுந்தது. ‘இசை மனமகிழ் மன்றம்’. அண்ணன் உறவில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். பெயின்டர் நான் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். என் தமிழை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ‘இசை’யை மேலே பொடியாக எழுதி மற்றதைப் பெரிதாக எழுதினார். கேட்டதற்கு, “ஆளுங்க தேடி வர்றது இதைத்தானுங்க” என்றார்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றும் ஆகவில்லை. ஷிப்மென்ட் இல்லாத ஞாயிறு மத்தியானங்களில் கூடுவோம். ஜெபா பாடுவாள். அந்தக் குரலைப் பற்றி என்ன சொன்னாலும் குறைவாகத்தான் சொல்வேன். சற்றுக் கரகரப்பு உண்டு. மேலே போகப்போக அது உதிர்ந்துவிடும். பதிவு செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த ஞாயிறுதான் இருக்கிறதே என்ற நினைப்பு. சீசன் முடிந்ததும் கம்பெனி ஆட்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டு முதல் கச்சேரி வைப்பதாகப் பேசியிருந்தோம். ஜெபா சேலையின் நிறம்வரை முடிவு செய்துவிட்டாள்.

ஒருநாள் கதவைத் தட்டி ஒரு பெரியவர் மரியாதையாக எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, உள்ள டேபிள் காலியா இருக்குதுங்களா?” பழனிச்சாமி அண்ணன் வெளியே போய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணாந்து போர்டைப் பார்த்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கியபோது நான் பூமிக்குள் போய்விட்டேன். மாற்றி எழுதலாம் என்றால் பெயின்டர் ஊருக்குப் போயிருந்தார், எங்கள் கையும் காலியாக இருந்தது. சம்பளம் வரட்டும் என்று, கழித்த பனியன் துணியில் நாலு மீட்டரைக் கட்டி போர்டை மூடினோம். கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு தேவராஜ் வந்தார். தங்கச்சி ‘அந்த மாதிரி மன்றத்துக்கு’ப் போய்வருகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். உடனே உள்ளே வரவில்லை அவர். வெளியே வெகுநேரம் நின்று கேட்டிருக்கிறார். பிறகு கதவைத் தள்ளினார். உள்ளே மூட்டைகள், மங்கின பல்பு, நாங்கள் மூன்று பேர், நடுவில் அவர் தங்கை.

“அண்ணா, பாட்டுத்தாங்ணா பாடறோம்” என்றேன்.

“பாட்டுன்னா வெளிய கேக்கணும்லா?” அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “போர்டத் துணியப் போட்டு மூடிருக்கிய. ஜன்னல மூட்டைய வச்சு அடச்சிருக்கிய. வாசல்ல நின்னா ஒரு சத்தமும் இல்ல. பாட்டுன்னு சொல்லுதிய. நான் என்னன்னு நம்ப?”

கெட்டவர் இல்லை அவர். நானே அந்த வாசலில் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் ஜெபாவின் கையைப் பிடித்து, “ஒரு பாட்டுப் பாடு, அண்ணன் கேக்கட்டும்” என்றேன். அவரும், “பாடு, பாப்போம்” என்றார்.

ஜெபா மைக்கைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். “கேக்கதுக்கு வந்தாப் பாடுவேன். சோதிக்கதுக்கு வந்தாப் பாடமாட்டேன்” என்றாள். டிபன் பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வரி பாடியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்று பல நாள் பொருமினேன். வயது கொஞ்சம் ஏறிய பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. வருத்தம் மட்டும் நிற்கிறது. அந்த மாதமே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டேன். பாடுகிறாளா என்று சொல்ல அங்கே எனக்கு ஆள் இல்லை. பிகாஷ் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. குடோனை அண்ணன் வேறு யாருக்கோ விட்டார். சிக்னலுக்கு அப்பால் என் மகள் படித்த போர்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. இப்போது நிஜமாகவே மனமகிழ் மன்றம். அக்கம்பக்கத்தில் ஒரு புகாரும் இல்லையாம், உள்ளே என்ன கூத்து நடந்தாலும் வெளியே கேட்பதில்லையாம். எங்கள் மூட்டைகளை அவர்கள் எடுக்கவில்லை போலிருக்கிறது.

நான் இன்னும் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறேன், கொஞ்சம் பெரிய நாற்காலியில். இப்போதெல்லாம் கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. போனாலும் ஜெனரேட்டர் தானாகவே எடுத்துக்கொள்கிறது. டீக்கடையிலிருந்து யாரும் ஓடிவர வேண்டியதில்லை, மிஷின்களும் இரைச்சலும் நிற்பதேயில்லை. செக்கிங் டேபிளில் வரிசையாகப் பெண்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சில பேருடைய உதடு அசைகிறது. பேசுகிறார்களோ, பாடுகிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.